மிட்டாய்க்கு எதுக்கு மேஜிக்?

இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. ஆபீஸில் வருஷக் கடைசி ரிலீஸ், வீட்டில் அரைப் பரீட்சை லீவு, ஊரிலிருந்து அம்மா வருகை என்று மூணும் ஒண்ணாச் சேர்ந்து கொண்டதில் எழுத நேரமில்லை. இன்றைக்கு எழுதியே ஆகணும் என்று உட்கார வைத்தது ஒரு மிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பேர் வேண்டாம். (கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் இல்லை. அது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வீடு மாதிரி.) நாங்கள் போன இடத்தில் "மிட்டாய் அறிவியல், மிட்டாய் ஓவியம், குடும்பத்தோடு வாங்க" என்று விளம்பரம். தலைக்கு 450 ரூபாய். தங்கமணி, நான், எட்டு வயசுப் பெரியவள், ஐந்து வயசுச் சின்னவன், ஆக 1800. அம்மா மட்டும் "எனக்கே ஒடம்பு பூராச் சர்க்கரை, நான் எதுக்குய்யா அங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு மேசையில் வெள்ளைத் தட்டு, அதைச் சுற்றி வட்டமாகக் கலர் கலராக மிட்டாய், நடுவில் வெந்நீர். ஊற்றினதும் ஒவ்வொரு நிறமும் கோலத்துக்கு இழை இழுத்த மாதிரி நடுவை நோக்கி ஓடுகிறது. பக்கத்து நிறத்தோடு சட்டென்று கலப்பதில்லை. இன்னொரு மேசையில் ஜெல்லி பொம்மைகளைத் தண்ணீரில் ஊறப் போட்டு, அது ஊதிப் பெருத்ததைப் பழசோடு வைத்து அளந்தார்கள். மூன்றாவதில் வாயில் போட்டால் பட்பட்டென்று வெடிக்கும் மிட்டாய். நான்காவதில் குச்சியைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டு, "வீட்டில் வையுங்கள், ஒரு வாரத்தில் கற்கண்டு வளரும்" என்று ஆளுக்கு ஒரு ஜாடி. கடைசியில் ஓவிய மேசை. மிட்டாயைப் பசையில் ஒட்டி வீடு, மயில், கிறிஸ்துமஸ் மரம்.

இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம். அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வரும். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பை நிறைய மிட்டாய் வாங்கி வருவார்கள். அத்தனையையும் தின்ன விட்டால் என்னாவது என்று கவலைப்பட்ட பெற்றோர்களும் ஆசிரியர்களும், "சரி, மிச்சத்தை வைத்துச் சோதனை செய்யலாம்" என்று ஆரம்பித்தார்கள். மிச்சமான மிட்டாயை வயிற்றுக்கு அனுப்பாமல் மேசைக்கு அனுப்புவது. நல்ல யோசனைதானே. நம்ம ஆளுங்க செய்தது என்னவென்றால், மிச்சம் இல்லாத இடத்தில் மூட்டை மூட்டையாகப் புது மிட்டாய் வாங்கி அதே சோதனையைச் செய்தது. சரி, போகட்டும்.

என்னை உறுத்தினது வேறு.

பெரியவள் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அங்கே நின்ற தன்னார்வலர் அக்காவிடம் கேட்டாள். "இந்தக் கலர் எல்லாம் எதுலேர்ந்து வருது?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "இட்ஸ் மேஜிக்!"

பக்கத்தில் ஒரு குஜராத்திக் குடும்பம். அந்த அம்மா ஜெல்லி பொம்மையைக் காட்டி, "இது சைவமா?" என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பையை வாங்கிப் பார்த்தால் ஜெலட்டின் என்று போட்டிருந்தது. மாட்டின் தோல், எலும்பு அல்லது பன்றித்தோலிலிருந்து எடுப்பது. அந்த அம்மா பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், அந்தத் தன்னார்வலரைக் குற்றம் சொல்லவில்லை. கல்லூரிப் பெண். கையில் மிட்டாயைக் கொடுத்த நிர்வாகம் பதிலையும் கொடுத்திருக்க வேண்டாமா? பொம்மை ஏன் ஊதுகிறது என்பதற்கே அந்த ஜெலட்டின்தானே காரணம்! பச்சைத் தண்ணீரில் அது கரையாது, வலைபோல நின்று தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டால் கரைந்துவிடும். "இது சைவமா" என்ற ஒரு கேள்வியில் மொத்தப் பாடமும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் காரில் தங்கமணி ஆரம்பித்தார். "சோத்துல ஒரு பருக்கை சிந்தினா எடுத்துப் போடுன்னு சொல்லி வளர்க்கிறோம். இங்க 1800 ரூபாய் கொடுத்து, தின்கிற பொருளைத் தண்ணியில கரைச்சுக் கொட்டிட்டு வர்றோம். இதுல என்னங்க அறிவியல்?"

நியாயமான கேள்வி. ஆனாலும் நான் மிட்டாய்க் கட்சி. தட்டுக்குப் பத்து மிட்டாய் போதும், பத்துப் பிள்ளை பார்க்கலாம், வீணாவது குறைவு. பள்ளி ஆய்வகத்தில் ஒரு ரசாயனத்தைக் காட்டினால் பிள்ளை அது தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ என்று நினைக்கும். மிட்டாய் அப்படி இல்லை. நேற்றுத் தின்றது, நாளைக்கும் கேட்கப் போவது. அறிவியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இருக்கா என்ன? என் சண்டை மிட்டாயோடு இல்லை, அந்த "மேஜிக்"கோடு. மேஜிக் என்றால் அத்தோடு கதவு சாத்தியாச்சு, மேலே கேட்காதே என்று அர்த்தம். அருங்காட்சியகத்தில் கேட்கக் கூடாத வார்த்தை அது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

பெரியவள் தன் ஜாடியை அம்மாவிடம் காட்டினாள். "ஆச்சி, இதுல கற்கண்டு வளரும்." அம்மா ஜாடியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "ஏட்டி, இது சர்க்கரைத் தண்ணி. பாகே இல்ல. இதுல எங்கேருந்து கற்கண்டு வரும்?" என்றார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆச்சிக்கு சயின்ஸ் தெரியாது!" என்று இங்கிலீஷில் என்னிடம் சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு அது புரியாது என்று அவள் நினைத்தாள். அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் காய்கறி நறுக்கப் போய்விட்டார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின ஊர். பெரியப்பா கடலைமிட்டாய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே பாகு பதம் பார்க்கிற வேலை. இளம்பாகு, ஒத்தக் கம்பி, ரெட்டைக் கம்பி, உருட்டுப் பதம், அப்புறம் "டங்" பதம். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். உறைந்ததை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் வரணும். வந்தால் உடனே இறக்கிக் கடலையைக் கொட்டணும். சத்தம் மந்தமாக வந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். அரை நிமிஷம் தாண்டினால் கசக்கும். நான் ஆபீஸில் செய்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங். என் அம்மாவும் டெஸ்டர்தான். எனக்கு முப்பது வருஷம் சீனியர் :-)

மேல்நாட்டு மிட்டாய்ப் புத்தகங்களில் இதையே வெப்பமானி வைத்துச் சொல்வார்கள். 110 டிகிரி செல்சியஸில் கம்பி, 112 முதல் 116 வரை மெத்தென்ற உருண்டை, 121 முதல் 130 வரை கெட்டி உருண்டை, 149 முதல் 154 வரை உடைகிற பதம். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரையின் பங்கு ஏறுகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. 110-இல் நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரை என்றால் 150-இல் கிட்டத்தட்ட 99 பங்கு. அந்த நிலையில் ஆறினால் அது கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி போலவே, மூலக்கூறுகள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் அப்படியே உறைந்து போன பொருள். அதனால்தான் "டங்". எங்க அம்மாவின் காது 150 டிகிரியைக் கேட்கும் காது.

அன்றைக்குச் சாயங்காலமே இறங்கிவிட்டோம். நான் கடையில் போய்ச் சமையல் வெப்பமானி வாங்கி வந்தேன். பெரியவளைக் கூப்பிட்டு, "ஆச்சி வெப்பமானியைப் பார்க்க மாட்டாங்க. நீ சத்தமே கேட்காதே, நம்பரை மட்டும் எழுது. அப்புறம் ரெண்டையும் ஒத்துப் பார்ப்போம்" என்றேன். சந்தேகத்தோடுதான் வந்தாள். அம்மா அடுப்பில் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்க விட்டார். கம்பி என்று அம்மா சொன்னபோது அவள் நோட்டில் 109. உருட்டு என்றபோது 119. அப்புறம் ரொம்ப நேரம் அம்மா பேசவில்லை. சொட்டு விடுவதும் தட்டில் போடுவதும்தான். திடீரென்று "டங்". அம்மா சட்டியை இறக்கிவிட்டார். நோட்டில் 148.

இரண்டாவது சட்டி வைத்தோம். மறுபடியும் 148. மூன்றாவது 147. அம்மா ஒரு துளிகூட வாயில் வைக்கவில்லை, அவருக்குத்தான் சர்க்கரையாச்சே. மூணு தடவையும் காதை வைத்தே.

பெரியவள் நோட்டையும் ஆச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளை. ஆனால் கேள்வி ஆரம்பமாச்சு. "ஆச்சி, ஏன் ஜாடியில வளராது?" அம்மா சொன்னார்: "சுடுதண்ணியில இதுக்கு மேல கரையாதுங்கிற வரைக்கும் போடணும். அப்புறம் ஆட்டாம அசைக்காம வைக்கணும். பனங்கற்கண்டுக்கு நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வைப்பாங்க." நான் கணக்கைச் சேர்த்தேன். 100 கிராம் தண்ணீர் சாதாரண வெப்பத்தில் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். கொதிக்கும்போது 480 கிராமுக்கு மேல். சூட்டில் கரைத்து ஆற விட்டால், தண்ணீருக்குப் பிடித்து வைக்க முடியாத சர்க்கரை நூலில் வந்து உட்காரும். அருங்காட்சியகத்து ஜாடியில் அந்த அதிகப்படி இல்லவே இல்லை. ஆச்சி சாய்த்துப் பார்த்தே சொன்னது அதைத்தான்.

மக்களே, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் ஊரை விட்டு வந்தது வேலைக்காக. பிள்ளைகள் வளர்வது இங்கிலீஷிலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும். தமிழ் பேச வரவில்லையே என்று எல்லோரும் கவலைப்படுகிறோம், அதைப் பற்றி நானே நாலு பதிவு போட்டாச்சு. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அறிவு என்பது ஸ்கூலிலும் மாலிலும் மியூசியத்திலும் இருக்கிறது, ஊரிலிருந்து வருகிற ஆச்சியிடம் இருப்பது வெறும் பாசமும் முறுக்கும் மட்டும்தான் என்று பிள்ளை மனசில் விழுந்துவிடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே விழுகிறது. "ஆச்சிக்கு சயின்ஸ் தெரியாது" என்று என் பெண் சொன்னது திமிரால் இல்லை. நாங்கள் அவளுக்குக் காட்டின உலகத்தில் அப்படித்தான் இருந்தது. தப்பு எங்களுடையது.

அருங்காட்சியகங்கள் இந்தத் தப்பைத் திருத்தலாம், அல்லது இன்னும் கெட்டியாக்கலாம். மேசையில் வெளிநாட்டு ஜெல்லி பொம்மை மட்டும் இருந்தால் அது கெட்டியாகும். அவர்களுக்கு என் யோசனைகள் இவை.

ஒண்ணு: நம்ம மிட்டாயை மேசைக்குக் கொண்டு வாங்க. ஒரே சர்க்கரைதான். மெதுவாக ஆற விட்டால் பெரிய படிகமாகக் கற்கண்டு. அதையே விடாமல் கிளறினால் கோடிக்கணக்கில் பொடிப் படிகம், அதுதான் இங்கே கர்நாடகத்தில் சங்கராந்திக்கு மர அச்சில் வார்க்கும் சக்கரை அச்சு. படிகமே ஆகவிடாமல் சட்டென்று ஆற வைத்தால் கண்ணாடி மிட்டாய். சுழலும் சட்டியின் ஓட்டை வழியாக வீசியடித்தால் பஞ்சு மிட்டாய். ஒரே பொருள், நேரமும் சூடும்தான் வேறே. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். (பஞ்சு மிட்டாய் இயந்திரத்தை 1897-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் மிட்டாய்க்காரர். தொழில் தந்திரம் என்றால் அது!) ஆங்கிலக் "கேண்டி" என்ற சொல்லே அரபு, பாரசீகம் வழியாக நம்ம பக்கத்துக் "கண்ட" என்ற சொல்லிலிருந்து போனது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். நாம் அனுப்பினதையே டிக்கெட் போட்டுத் திரும்ப வாங்குகிறோம்.

ரெண்டு: ஓவியத்துக்குப் பசை வேண்டாம், ஆள் வேண்டும். குச்சியில் பொம்மையைக் கட்டிக் கைதட்ட விட்டுக்கொண்டு வரும் பம்பாய் மிட்டாய்க்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். ஜவ்வு மாதிரி இழுத்து வாட்ச், மயில், தேள் என்று கையில் கட்டி விடுவார். இழுக்க இழுக்கப் பாகுக்குள் காற்று போய்ப் பட்டு மாதிரி மினுங்கும். அறிவியலும் கலையும் ஒரே கையில். அவர்களில் ஒருவரை அழைத்து, பேச்சாளருக்குக் கொடுக்கிற சன்மானத்தை அவருக்கும் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். சக்கரை அச்சு வார்க்கிற மல்லேஸ்வரம், பசவனகுடிப் பாட்டிகளையும் கூப்பிடுங்கள். மர அச்சைத் தண்ணீரில் ஏன் ஊற வைக்கிறார்கள், பாகில் ஏன் கொஞ்சம் பால் விடுகிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும். (அழுக்கு பாலோடு திரண்டு மேலே வந்துவிடும், எடுத்துப் போடலாம்.)

மூணு: நிறத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். இது விளையாட்டில்லை. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் தடை போட்டன. அடுத்த மாதம், மார்ச்சில், கர்நாடகமும் அந்தச் சாயத்தைப் பஞ்சு மிட்டாயில் தடை செய்தது, கோபி மஞ்சூரியனில் போடும் செயற்கை நிறத்தையும் சேர்த்து. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். உணவில் போட அனுமதியே இல்லை. நம் நாட்டில் உணவுக்கு அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றுக்கும் அளவு உண்டு. மிட்டாய் உறையில் எண்ணாகவே போட்டிருப்பார்கள்: 102 என்றால் மஞ்சள் டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோய்சின், 133 பிரில்லியன்ட் புளூ. பிள்ளைகளுக்கு உறையைக் கொடுத்து எண்ணைத் தேட விடுங்கள். ஃபில்டர் தாளின் ஓரத்தில் பச்சை மிட்டாயின் நிறத்தை ஒரு பொட்டு வைத்து, அடியை உப்புத் தண்ணீரில் நிறுத்தினால், பச்சை பிரிந்து மஞ்சளும் நீலமும் தனித்தனியாக ஏறும். "எதுலேர்ந்து வருது" என்ற என் பெண்ணின் கேள்விக்கு அதுதான் பதில். அஞ்சு ரூபாய்ச் செலவு. மேஜிக் இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தடை வந்தபோது தெருவில் பஞ்சு மிட்டாய் விற்றவர்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. பலர் வடக்கேயிருந்து நம்மூருக்கு வந்தவர்கள், நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். எந்தப் பொடி நல்லது, எது கெட்டது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தடை சரிதான், பிள்ளைகள் உயிர் முக்கியம். ஆனால் வெள்ளைப் பஞ்சு மிட்டாய்க்கும் அதே ருசிதான் என்று வாங்குகிற நமக்குத் தெரிந்திருந்தால், ரோஸ் கலரைப் போட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்திருக்காது. கலர் கேட்டது நாம்தான்.

நாலு: தின்பது வேறு, சோதனை வேறு. எந்த ஆய்வகத்திலும் முதல் விதி, மேசையில் உள்ளதை வாயில் வைக்காதே. அன்றைக்கு நாலு பிள்ளைகள் கைவிட்ட கிண்ணத்திலிருந்து சின்னவன் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான், யாரும் தடுக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ள பிள்ளையும் வரும், ஒவ்வாமை உள்ள பிள்ளையும் வரும். "இங்கே பார்ப்பது மட்டும், தின்பது கடைசியில், விரும்பினால், ஒண்ணே ஒண்ணு" என்று விதி போட்டால் அந்தப் பிள்ளைகளும் தனியாக நிற்க வேண்டியிருக்காது. என் அம்மா வாயில் வைக்காமலே மூணு சட்டி மிட்டாய் போட்டாரே!

கடைசியாக ஒண்ணு. இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுசாகாது.

நாங்கள் கிளம்பும்போது அந்தக் கூடத்தின் தரை பூராவும் பிசுபிசு. ஓர் அம்மா மண்டி போட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தங்கமணி பிள்ளையைத் தமிழில் அதட்டியதைக் கேட்டு நிமிர்ந்து, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றார். அவர் தர்மபுரிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பையனையும் வேலைக்குக் கூட்டி வந்திருந்தார். ஏழு வயசு இருக்கும். தூணுக்குப் பக்கத்தில் நின்று, காலையிலிருந்து ஐந்து மேசையையும் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறான். 450 ரூபாய் அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியை முழுங்கிவிடும். என் பிள்ளைக்கு ஊறப் போட்ட மிட்டாய், அந்தப் பையனுக்கு அம்மா சுரண்டுகிற கறை. இரண்டு பேருமே தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகள். பெரியவள் தன் ஜாடியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா "வேணாம் கண்ணு" என்றார். அந்த ஜாடிதான் வீட்டுக்கு வந்தது.

ஆகவே ஐந்தாவது யோசனை: உள்ளே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். பத்து மிட்டாய்தானே ஒரு தட்டுக்கு.

இதையெல்லாம் மரியாதையாக எழுதி அந்த அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். அதுவரைக்கும் சும்மா இருக்கப் போவதில்லை. ஜனவரியில் சங்கராந்தி, நமக்குப் பொங்கல். எள்ளும் வெல்லமும் தின்னு நல்ல வார்த்தை பேசு என்பது இந்த ஊர் வழக்கம். எங்கள் குடியிருப்புப் பொது அறையில் ஒரு மத்தியானம் மேசை போடுகிறோம். மேல் மாடிக் கன்னடப் பாட்டி சக்கரை அச்சு, எங்க அம்மா "டங்" பதம், தங்கமணி மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்கிக் காட்டுகிறார், நான் ஃபில்டர் தாள். குடியிருப்பில் வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வருகிறவர்கள் பிள்ளைகளோடு வரவேண்டும் என்று நோட்டீஸில் முதல் வரியாகவே போட்டாச்சு. கட்டணம் கிடையாது.

வெப்பமானியைப் படித்து எழுதப் போவது பெரியவள். ஆச்சி ஊருக்குப் போகிற டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போடச் சொன்னதும் அவள்தான்.

உங்கள் வீட்டு ஆச்சி, பாட்டி, அம்மாச்சி எந்தப் பதத்தை எப்படிப் பார்ப்பார்கள்? கேட்டுப் பார்த்து எழுதுங்கள். தட்டில் போடுகிறவர்கள், விரலில் இழுக்கிறவர்கள், ஊதிப் பார்க்கிறவர்கள் என்று பட்டியல் போடலாம்.

பி.கு. 1: கொதிக்கும் பாகு வெந்நீரைவிட ரொம்ப ஆபத்து. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சட்டிப் பக்கம் பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் நோட்டோடு தள்ளி நிற்கணும்.

பி.கு. 2: அந்த ஜாடியைக் கொட்டவில்லை. அம்மா அதைச் சுட வைத்து, இன்னும் ரெண்டு டம்ளர் சர்க்கரை போட்டு, நூலைத் தொங்கவிட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறார். இன்றைக்கு ஆறாம் நாள். நூலில் மணி மணியாகப் பிடித்திருக்கிறது. சின்னவனுக்கு எட்டாத உயரம் :-)